ஒரே மாதிரி இரண்டு சொகுசுக் கப்பல்: புக் பண்ணும் முன் டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை பக்கமிருந்து கப்பல் சுற்றுலா கிளம்புகிறவர்களுக்கு நடைமுறையில் இரண்டு வழிதான். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய் அங்கே பெரிய கப்பலில் ஏறலாம். அல்லது ராத்திரி ரயிலில் சென்னை போய், துறைமுகத்தில் கோர்டேலியா எம்ப்ரஸ் என்ற கப்பலில் ஏறலாம். கீழே உள்ளவை பெரும்பாலும் முதல் வழிக்கானவை. குழப்பம் அங்கேதான் அதிகம்.

இரண்டும் ஒரே வகுப்புக் கப்பல் என்கிறார் ஏஜென்ட். அப்படியென்றால் விலை குறைந்ததை எடுத்தால் போதாதா?

பாதி சரி. ராயல் கரீபியன் கம்பெனியின் ஆந்தம் ஆஃப் தி சீஸ் (2015), ஓவேஷன் ஆஃப் தி சீஸ் (2016) இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டியவை. இரண்டுக்கும் மொத்தக் கொள்ளளவு சுமார் 1,68,666 டன், நீளம் 348 மீட்டர் அளவு, கேபினுக்கு இருவர் வீதம் 4,180 பயணிகள். கடலுக்கு மேலே தூக்கிக் காட்டும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டு, காற்றுக் குழாயில் மிதக்கும் விளையாட்டு, உள்ளரங்கில் மோதும் கார்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஓவேஷன் சீனச் சந்தையை மனதில் வைத்துக் கட்டியது என்பதால் சில சாப்பாட்டுக் கடைகள் மாறும். வெளியே நிற்கும் பெரிய சிற்பம் ஒன்றில் ஒட்டகச்சிவிங்கி, மற்றதில் பாண்டா. இந்த வேறுபாட்டுக்காக யாரும் பணம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் எலும்புக்கூடு ஒன்றாக இருப்பதாலேயே மற்ற விஷயங்கள் முக்கியமாகிவிடுகின்றன: எந்தத் தேதி, எந்தத் தளத்தில் எந்தக் கேபின், துறைமுகத்தில் எத்தனை மணி நேரம், கடைசியாக எப்போது பழுதுபார்ப்புத் தளத்துக்குப் போய் வந்தது. ஆள் ஒன்றுக்கு நாலைந்தாயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால் விலையை மறந்துவிட்டு, நல்ல இடத்தில் கேபின் கிடைக்கிற கப்பலை எடுங்கள்.

எந்தக் கப்பலில் நெரிசல் குறைவு என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

முடியும். கப்பலின் மொத்த டன்னைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுங்கள். இந்த டன் எடை அல்ல, கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதன் அளவு. ஆகவே வரும் எண், ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று காட்டும்.

ஆந்தம் அல்லது ஓவேஷன்: 1,68,666 ÷ 4,180 = சுமார் 40. இன்னொரு சிங்கப்பூர்க் கப்பலான ஜென்டிங் டிரீம் (2016): 1,50,695 ÷ 3,352 = சுமார் 45. சிறிய கப்பலான ஜென்டிங் டிரீமில்தான் தலைக்கு இடம் கூடுதல் என்று இதில் தெரிகிறது.

இதில் இரண்டு ஏமாற்று உண்டு. முதலாவது, பயணிகள் எண்ணிக்கை கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் வருவது. பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பிவிடும். அப்போது ஓவேஷனில் 4,905 பேர் வரை ஏறலாம், எண் 34-க்கு இறங்கிவிடும். கல்யாணப் பந்தியில் இரண்டாம் பந்திக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் லிஃப்டுக்கு நிற்க நேரும். இரண்டாவது, ஜென்டிங் டிரீமில் 'பேலஸ்' என்று சூட் அறைக்காரர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸிலும் (2019) அப்படித் தனி இடங்கள் உண்டு. நீங்கள் சாதாரண கேபின் எடுத்தால் அந்த இடமெல்லாம் கணக்கில் சேரும், உங்கள் காலடியில் சேராது. எனவே இரண்டு மூன்று எண் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பத்து எண் வித்தியாசம் இருந்தால் நேரில் உணர்வீர்கள்.

கேபின் எப்படித் தேர்ந்தெடுப்பது? படத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

படத்தைப் பார்க்காதீர்கள், தள வரைபடத்தைப் பாருங்கள். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் டெக் பிளான் இலவசமாகக் கிடைக்கும். கேபின் எண்ணில் முதல் ஓரிரு இலக்கம் பெரும்பாலும் தளத்தைச் சொல்லும்.

உங்கள் கேபின் இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று மூன்று தளத்தையும் அடுக்கி வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் அமைதி. மேலே பஃபே உணவுக்கூடம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் ராத்திரி பாட்டும் காலையில் கழுவும் சத்தமும். கீழே நாடக அரங்கோ நடன இடமோ இருந்தால் தாளம் தரை வழியாக ஏறி வரும். முன்பக்கக் கடைசி கேபின்களில் துறைமுகம் வந்ததும் நங்கூரச் சங்கிலியும் முன் உந்துவிசை மோட்டாரும் எழுப்பிவிடும். பின்பக்கக் கடைசியில் இயந்திர அதிர்வு லேசாகத் தெரியும், ஆனால் கப்பல் விட்டுப் போகும் நீர்த்தடத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

வரைபடத்தில் இரண்டு கேபின்களுக்கு நடுவே சிறிய குறி இருந்தால் இடையில் கதவு இருக்கிறது என்று பொருள். அம்மா அப்பா ஒரு அறை, பிள்ளைகள் ஒரு அறை என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் முன்பின் தெரியாதவர் இருந்தால் அந்தக் கதவு வழியே பேச்சுச் சத்தம் வரும், அப்போது அதைத் தவிர்க்க வேண்டும்.

விலை குறைவான பால்கனியோ ஜன்னல் கேபினோ கண்ணில் பட்டால் 'பார்வை மறைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கும்.

'கேரன்டி கேபின்' என்று மலிவாகத் தருவதில் வகை மட்டும் உறுதி, எண்ணைக் கம்பெனி கடைசியில் ஒதுக்கும். தம்பதியராகப் போனால் பரவாயில்லை. மூன்று அறை எடுக்கும் குடும்பம் இதைத் தொடவே கூடாது. ஒருவர் 6-ஆம் தளத்தில், இன்னொருவர் 12-ஆம் தளத்தில் விழுவார்கள், மாற்றியும் தர மாட்டார்கள்.

ஜன்னல் இல்லாத உள் கேபின் பற்றி ஒரு வார்த்தை. ஆந்தம், ஓவேஷன் வகையில் உள் கேபின் சுவரில் தரை முதல் கூரை வரை பெரிய திரை வைத்து, கப்பல் கேமராவில் தெரியும் கடலை நேரடியாகக் காட்டுவார்கள். மூன்று இரவுக்கு அது போதும் என்பதே எங்கள் கருத்து. பால்கனிக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் பணத்தில் சிங்கப்பூரில் இன்னொரு நாள் தங்கலாம்.

விளம்பர விலைக்கும் கையை விட்டுப் போகும் பணத்துக்கும் ஏன் இவ்வளவு தூரம்?

விளம்பர விலை ஒரு ஆளுக்கு, அதுவும் இருவர் பகிரும் கேபினில். அதன்மேல் ஏறுபவை: துறைமுகக் கட்டணமும் வரியும், தினசரி டிப்ஸ், வைஃபை, குளிர்பானம், கட்டணச் சாப்பாட்டுக் கடை, கரைச் சுற்றுலா.

டிப்ஸை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2025-இல் 18.50 டாலராக இருந்தது. நால்வர், 3 இரவு என்றால் 222 டாலர். குழந்தைக்கும் உண்டு. இது தானாகவே கணக்கில் ஏறும். புக் செய்யும் அன்றைய தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மற்றக் கப்பலில் இது சேர்த்தே விலை சொல்லியிருந்தால், அதுதான் உண்மையில் மலிவாக இருக்கும்.

வைஃபை பெரும்பாலும் ஒரு கருவிக்கு ஒரு நாளுக்கு என்ற கணக்கு. நால்வருக்கும் எடுக்காதீர்கள். ஒன்று போதும், வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப. ஏறியதும் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் கடல் நெட்வொர்க்கை உங்கள் சிம் பிடித்துவிட்டால் ரோமிங் பில் பயணச் செலவோடு போட்டி போடும்.

கப்பலுக்குள் எந்த நாணயம் என்றும் பாருங்கள். அமெரிக்க டாலரா சிங்கப்பூர் டாலரா என்பதில் விலைப்பட்டியலே வேறாகத் தெரியும். நம் வங்கி அட்டைகளில் பலவற்றுக்கு வெளிநாட்டுச் செலவில் 3.5 சதவீதம் அளவுக்கு மார்க்அப் என்ற கூடுதல் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி. ஏறும்போது அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப நாள் கணக்கில் ஆகும். கிரெடிட் கார்டு கொடுங்கள். அதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வையுங்கள்.

இந்தியாவில் ஏஜென்ட்டிடம் வெளிநாட்டு பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் அன்றைய நிலையைக் கேளுங்கள். யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பதே முக்கியம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். தாத்தாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு அவர் கணக்கே தாக்கல் செய்யாவிட்டால், பணம் அங்கேயே கிடக்கும்.

'4 நாள் 3 இரவு' என்றால் எத்தனை நாள் கப்பலில்?

முழுதாக இரண்டு நாள். முதல் நாள் மதியத்துக்கு மேல் ஏறுவீர்கள், கடைசி நாள் காலைச் சாப்பாட்டோடு இறக்கிவிடுவார்கள். ஆகவே மொத்தச் செலவை இரவால் வகுக்காமல் முழு நாளால் வகுத்துப் பாருங்கள். 3 இரவுக்கு 2 முழு நாள், 4 இரவுக்கு 3. நான்காவது இரவுக்குக் கேட்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும்.

இரண்டும் பினாங்கு, புக்கெட் போகிறது. அதில் என்ன வித்தியாசம் வந்துவிடும்?

எத்தனை மணிக்குத் தொடுகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதில் வரும். காலை 8 முதல் மாலை 6 என்பதும் மதியம் 2 முதல் இரவு 9 என்பதும் ஒரே பெயரில்தான் அச்சாகும். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியாக வேண்டும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு கட்டும். இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன், லிட்டில் இந்தியா, நம்மூர் டிபன். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவது வழக்கம். அலை கொஞ்சம் எழும்பினாலும் படகுக்கும் மேடைக்கும் நடுவே கால் வைப்பது கஷ்டம். முழங்கால் வலி உள்ளவர்கள் அன்று கப்பலிலேயே இருப்பது நல்லது. கோலாலம்பூர் என்று போட்டிருந்தால் அது போர்ட் கிளாங். நகரத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த ஒரு துறைமுகத்துக்காகக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எந்த மாதம் விலை இறங்கும்?

நம் பள்ளி விடுமுறையும் சிங்கப்பூர் பள்ளி விடுமுறையும் ஒன்றல்ல என்பது நமக்கு வசதி. அங்கே மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஒரு பெரிய விடுமுறை, நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய இன்னொன்று. மே முதல் மூன்று வாரத்தில் நம் பிள்ளைகளுக்கு லீவு, அங்கே பள்ளி நடக்கும். கப்பலில் நெரிசலும் குறையும், விலையும் இறங்கும். விவசாயக் குடும்பத்துக்கும் அது தோதான நேரம். சம்பா அறுவடை முடிந்திருக்கும், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை கிளம்பும் பயணத்தைவிடத் திங்கள், செவ்வாயில் கிளம்புவது குறைவாக இருக்கும்.

சாப்பாடு? வீட்டில் இரண்டு பேர் சுத்த சைவம்.

ஜென்டிங் டிரீமில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் இந்திய சைவமும் ஜெயின் உணவும் தனியாகவே வைக்கிறார்கள். ராயல் கரீபியனில் பிரதான உணவுக்கூடத்தில் இந்திய சைவம் கேட்டால் கிடைக்கும். முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுநரிடம் மறுநாளுக்குச் சொல்லி வைத்துவிட வேண்டும், புக்கிங்கிலும் எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் வருவது பெரும்பாலும் வட இந்தியச் சமையல். பனீரும் பருப்பும் வரும், வத்தக்குழம்பை எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடுதான் பெரிய கவலை என்றால் இந்த இரண்டில் ஜென்டிங் டிரீமே மேல்.

வீட்டில் செய்த புளியோதரை, தயிர்சாதக் கட்டை ஏற்ற விட மாட்டார்கள். கடையில் சீல் செய்த பொடி, ஊறுகாய், முறுக்கு பாக்கெட் போகும். மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குட்டி ரைஸ் குக்கர் மூன்றும் எக்ஸ்ரேயில் மாட்டும். தீப்பிடிக்கும் பயம்தான் காரணம். இறங்கும்போது திருப்பித் தருவார்கள். வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு ஒன்று: மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகவே தடை. கப்பல் வரைக்கும்கூட வராது, விமான நிலையத்திலேயே சிக்கல்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போய்ச் சோதித்துப் பார்க்கலாமா?

2023 அக்டோபரில் தொடங்கி, மழைக்கால இடைவெளிக்குப் பின் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய அந்தச் சேவை பயணிகள் படகு. சில மணி நேரப் பயணம், இருக்கையில் உட்கார்ந்து போவது. சிறிய கலம் என்பதால் அதிகம் ஆடும். அதில் வாந்தி வராதவருக்குப் பெரிய கப்பலில் வர வாய்ப்பு மிகக் குறைவு. அதில் வாந்தி எடுத்தவர் பெரிய கப்பலிலும் எடுப்பார் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூரிலிருந்து புக்கெட் போகும் வழி மலாக்கா நீரிணை. இரு பக்கமும் நிலம் அணைத்திருப்பதால் பெரும்பாலும் அமைதியான கடல். பயம் இருந்தால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவே கேபின் எடுங்கள். மேலே முன்பக்கம் எடுத்தால் ஆட்டம் அதிகம். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் கப்பலுக்கு உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை தடுக்காது. அவோமின் போன்ற மாத்திரையை வாந்தி வந்தபிறகு போட்டுப் பயனில்லை, முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். கண் அழுத்தமோ புராஸ்டேட் தொல்லையோ உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

சென்னைக் கப்பலைச் சிங்கப்பூர்க் கப்பலோடு ஒப்பிடலாமா?

அளவில் ஒப்பிட முடியாது. கோர்டேலியா எம்ப்ரஸ் 48,563 டன், 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் வந்தது. பிறகு எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் என்று ராயல் கரீபியனில் ஓடியது. கேபின்கள் சின்னவை, நீர் விளையாட்டுகள் குறைவு. ஆனால் விமான டிக்கெட் வேண்டாம், உள்நாட்டுப் பயணமென்றால் பாஸ்போர்ட்டும் வேண்டாம், தென்னிந்தியச் சாப்பாடு உண்டு. பாட்டிக்குக் கப்பல் என்றால் என்ன என்று காட்ட இது போதும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவமழை கொந்தளிக்கும் மாதங்களில் சென்னைப் பக்கம் வருவதும், பிறகு மும்பைக்குப் போவதும் இதன் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் கப்பல் பயணம் வேண்டாம். கஜா வந்தது எந்த மாதம் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மாறிய எந்தக் கப்பலுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் சர்வதேச அடையாள எண்) மாறாது. அதைப் போட்டுத் தேடினால் எந்த ஆண்டு கட்டியது, முன்பு எந்தப் பெயரில் ஓடியது என்பது வந்துவிடும்.

விசா, தாள்கள்?

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக எடுக்கலாம். கப்பல் மலேசியா போய்விட்டுத் திரும்பினால் சிங்கப்பூருக்குள் நுழைவது இரண்டாவது தடவை. எனவே விசா பலமுறை நுழைவுக்கானதா என்று தாளைப் படித்து உறுதி செய்யுங்கள். மின்னணு வருகை அட்டையையும் இரண்டு நுழைவுக்கும் தனித்தனியே, வருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்கு. தாய்லாந்து விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் மாதத்தில் பாருங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், 24-ஆவது வாரத்தைத் தொடும் கர்ப்பிணியையும் ராயல் கரீபியனில் ஏற்ற மாட்டார்கள். கர்ப்பிணிக்குக் கணக்கு பயணத்தின் கடைசி நாளுக்கு, குழந்தைக்கு ஏறும் நாளுக்கு.

கப்பல் ஏறும் அன்றே திருச்சியிலிருந்து கிளம்பலாமா?

வேண்டாம். பறக்க நாலேகால், நாலரை மணி நேரம், கடிகாரம் இரண்டரை மணி முன்னே ஓடும். விமானம் மூன்று மணி நேரம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. முதல் நாளே போய்த் தங்குங்கள். சிங்கப்பூரில் மரினா பே, ஹார்பர்ஃபிரன்ட் என இரண்டு கப்பல் முனையங்கள் உண்டு. டிக்கெட்டில் எது என்று பார்த்து அறை எடுங்கள்.

ஏஜென்ட்டிடம் எழுத்தில் என்ன வாங்க வேண்டும்?

கப்பலின் பெயர், தேதி, கேபின் எண் அல்லது 'கேரன்டி' என்ற சொல், வரியும் டிப்ஸும் உள்ளே இருக்கிறதா, எந்தத் தேதிக்குப் பிறகு ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள். 'இதே போன்ற கப்பல்' என்று மட்டும் ரசீதில் போட்டால் திருப்பிக் கொடுத்துப் பெயரை எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டில் கடலில் இருந்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். கப்பல் டாக்டர் இலவசம் அல்ல.

புக் செய்தபின் விலை குறைந்துவிட்டால்?

முழுப் பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் என்றால் ஏஜென்ட் மூலம் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். குறைத்துத் தருவார்கள் அல்லது அதே விலைக்கு மேல் வகைக் கேபின் தருவார்கள். முன்பணம் திரும்பாத வகை என்றால் மாற்றக் கட்டணம் பிடிப்பார்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டால் விலையைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள்.